சக் சாவியும் எட்டரை மணியும்

டிரில்லிங் மெஷினில் துளையிடும் பிட்டை மாட்டி இறுக்குவதற்கு ஒரு சிறிய சாவி உண்டு. சக் சாவி என்போம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இறுக்கிய கையோடு அதை உருவி எடுத்துவிட வேண்டும். மறந்து சுவிட்சைப் போட்டுவிட்டால், சுழலும் வேகத்தில் அந்த இரும்புத் துண்டு தெறித்துப் பறக்கும். எதிரில் நிற்பவரின் கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால் ஐ.டி.ஐ.யில், இரும்பை ராவி, அறுத்து, பொருத்தக் கற்றுக்கொடுக்கும் ஃபிட்டர் பிரிவில் டிரில்லிங் தொடங்குகிற நாளின் முதல் கால் மணி நேரத்தை இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்குவோம். சாவியை மாட்டியவன்தான் எடுக்க வேண்டும், எடுக்கும்வரை அதிலிருந்து கையை விடக் கூடாது.

நான் பயிற்றுநராக இருந்த ஓர் ஆண்டில், அந்தக் கால் மணி நேரம் கழிந்த பிறகு ஒரு மாணவன் வந்து வாசலில் நின்றான். 20 நிமிடத் தாமதம். கைவேலையில் கெட்டிக்காரன். "பஸ் வரவில்லை சார்" என்றான். இரண்டு வார்த்தை கடிந்துகொண்டு உள்ளே விட்டேன். அவன் முறை வந்தபோது, பக்கத்தில் இருந்தவன் செய்ததைப் பார்த்துப் பார்த்து பிட்டை மாட்டினான், இறுக்கினான், சாவியை அப்படியே விட்டுவிட்டு சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான். மெயின் சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தாமதமாக வந்ததற்காக அவனைத் திட்டினேனே தவிர, அந்த 20 நிமிடத்தில் அவன் எதை இழந்தான் என்று சொல்லவே இல்லை.

தொழிற்பயிற்சி நிலையங்களில் வருகையையும் நேரந்தவறாமையையும் நாம் ஒழுக்கப் பாடமாகவே நடத்திக்கொண்டிருக்கிறோம். தலைமுடி வெட்டு, சீருடை, சட்டையை உள்ளே விடுவது ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்து, கட்டுப்பாடு என்ற பெயரில் சொல்கிறோம். பதினேழு வயதுப் பையனின் காதில் அது "சொன்னதைக் கேள்" என்று மட்டுமே விழுகிறது. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் கேட்டுச் சலித்த சொல் அது. உண்மையில் நேரம் என்பது அரம், நுண்ணளவு பார்க்கும் வெர்னியர், செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயர் போலத் தொழிலின் கருவிகளில் ஒன்று. கருவியைக் கற்றுக்கொடுக்கிற விதமாகத்தான் அதையும் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ்தான் நாடு முழுவதும் ஐ.டி.ஐ.கள் நடக்கின்றன. 2022-இல் திருத்தப்பட்ட பாடத்திட்டப்படி ஃபிட்டர் முதலாண்டுக்கு 1200 மணி நேரம். அதில் 840 மணி நேரம் பணிமனையில் கைவேலை, 240 மணி நேரம் தொழிற்பாடம், 120 மணி நேரம் வேலைவாய்ப்புத் திறன்கள். இறுதித் தேர்வு எழுத 80 விழுக்காடு வருகை வேண்டும். இந்த 80 என்ற எண்ணை மாணவர்கள் அனைவரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். தேர்ச்சி மதிப்பெண் போல அதை நினைக்கிறார்கள். ஆனால் 80-ஐ மட்டும் எட்டிப் பிடித்தவன் கைவேலையில் 168 மணி நேரத்தை விட்டிருக்கிறான். அந்த 168 மணி எந்த 168 மணி என்பதுதான் முக்கியம்.

புத்தகப் படிப்பில் ஒரு நாள் தவறினால் நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். அரம் பிடிப்பதை நோட்டில் எழுதிக்கொள்ள முடியாது. முதலில் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் முன் நிற்கும் நிலை, பிறகு ராவும்போது இரண்டு கைகளுக்கும் அழுத்தம் மாறுகிற விதம், பிறகு பரப்பு மட்டமாக வருவது, பிறகு செங்கோணம் என்று ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிறது. முதலில் கேட்கப்படும் துல்லியம் 0.25 மில்லிமீட்டர். பின்னால் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் ஜாப்புகளில், அதாவது மாணவன் செய்து காட்ட வேண்டிய உருப்படிகளில், அதுவே 0.04 மில்லிமீட்டராக இறுகிவிடும். நடுவில் ஒரு வாரம் வராதவன் திரும்பி வரும்போது, மற்றவர்கள் இருக்கும் படியில் காலை வைக்க முடியாமல் தடுமாறுகிறான். கூச்சப்படுகிறான். கூச்சத்தில் இன்னும் இரண்டு நாள் வராமல் இருக்கிறான். சோம்பலால் நின்றுபோனவர்களைவிட இப்படிக் கூச்சத்தால் நின்றுபோனவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தாமதத்தின் கணக்கு இன்னும் மோசம், ஏனென்றால் அது எந்தப் பதிவேட்டிலும் தெரியாது. ஆண்டுக்கு 200 பயிற்சி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் 20 நிமிடம் பிந்தி வருபவன் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 67 மணி நேரத்தை இழந்திருப்பான். வருகைப் பதிவேட்டில் அவனுக்கு முழு வருகை. இழந்த 67 மணியும் காலையின் முதல் நிமிடங்கள். செய்முறை விளக்கம் காட்டுவது அப்போதுதான். எச்சரிக்கை சொல்வதும் அப்போதுதான். இரும்பறுக்கும் ஹேக்சா பிளேடின் பற்கள் முன்னோக்கி இருக்க வேண்டும் என்று சொல்லும்போது அவன் பஸ்ஸில் இருப்பான்; வந்து, பிளேடைத் திருப்பி மாட்டி, அறுபடவில்லையே என்று பலங்கொண்ட மட்டும் அழுத்திக்கொண்டிருப்பான். இப்போது தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ரோபோக்களும் கணினிவழி இயங்கும் எந்திரங்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. திருப்பி மாட்டிய பிளேடால் போவது சில ரூபாய். அந்த எந்திரத்தில் முதல் விளக்கத்தைக் கேட்காமல் ஒரு பட்டனைத் தொட்டால் போவது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தேர்வு நெருங்கும்போது 76, 77 விழுக்காட்டில் நிற்கும் பையனுக்காக மனம் இளகி, சில நாள்களைச் சரிக்கட்டிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. நானும் செய்திருக்கிறேன். ஏழைப் பையன், ஓராண்டு வீணாகிவிடுமே என்ற இரக்கம்தான் காரணம். ஆனால் அந்த இரக்கத்தின் வழியாக அவன் கற்றுக்கொண்டது, வருகை என்பது கேட்டுப் பெறக்கூடிய ஒன்று என்பதை. ஆறு மாதம் கழித்து ஒரு தொழிற்சாலை வாசலில் அட்டையைத் தேய்க்கும்போது, அங்கே இளகுவதற்கு ஆள் யாரும் இருக்கமாட்டார்கள்.

முறைத் தண்ணீர் தெரிந்த பிள்ளைகள்

"இந்தக் காலத்துப் பையன்களுக்கு நேரத்தின் அருமை தெரியாது" என்பது ஆசிரியர் அறைகளில் அடிக்கடி விழும் வார்த்தை. நான் அதை ஏற்கவில்லை. நம்மிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நேரம் தப்பினால் பிழைப்பு தப்பிவிடும் வீடுகளிலிருந்தே வருகிறார்கள்.

ஆற்றுப் பாசனமும் ஏரிப் பாசனமும் உள்ள ஊர்களில் முறைத் தண்ணீர் என்று ஒரு ஏற்பாடு உண்டு. மடையிலிருந்து வரும் நீர் இன்ன வயலுக்கு இன்ன நேரம் என்று பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். சில பேருக்கு முறை நள்ளிரவு இரண்டு மணிக்கு வரும். மண்வெட்டியோடு அந்த நேரத்துக்கு வரப்பில் நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். மறுமுறை வரும்வரை பயிர் காய வேண்டியதுதான். கடிகாரம் வராத காலத்திலேயே 24 நிமிடத்தை ஒரு நாழிகை என்று வகுத்து, அடியில் துளையிட்ட வட்டிலில் நீர் ஏறுவதை வைத்து நேரத்தை அளந்தவர்கள் நம்மவர்கள். பூப்பறிக்கும் வீடுகளைப் பாருங்கள். விடிவதற்குள் மொட்டைப் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோகாவிட்டால் மல்லிகை மலர்ந்து விலை போய்விடும். காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் நகரத்தில் பாதிப் பேர் போர்வைக்குள் இருப்பார்கள்.

இந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு நேரந்தவறாமை புதிதல்ல. ஐ.டி.ஐ.யின் எட்டரை மணியில் தண்ணீரும் பூவும் மீனும் எங்கே இருக்கிறது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருமுறை ஒரு மாணவனிடம், "உங்கள் வீட்டில் முறைத் தண்ணீருக்கு யார் போவது?" என்று கேட்டேன். "அப்பாவால் முடியாத நாளில் நான் போவேன் சார்." "பிந்திப் போனால்?" "பக்கத்து வயல்காரர் திறந்துவிட்டுக்கொள்வார்." "இங்கே முதல் கால் மணி நேரம்தான் உன் முறை" என்றேன். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மற்றபடி வராமைக்கான காரணங்களைக் கேட்டு எழுதிப் பார்த்தால் ஒழுக்கக்கேடு என்று சொல்லத்தக்கவை சிலவே. முகூர்த்த நாள்களில் வகுப்பு பாதி காலியாகும். கேட்டரிங்கில் பரிமாறப் போனால் ஒரு நாளில் கையில் காசு வரும். விடியற்காலையில் பத்திரிகை போடுபவர்கள் இருக்கிறார்கள். பரோட்டாக் கடையில் இரவு ஒரு மணிவரை மாவு பிசைந்துவிட்டு வந்து, ராவிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிய பையனை எனக்குத் தெரியும். அவனைத் திட்டி என்ன பயன்? அரசு ஐ.டி.ஐ.யில் மாத உதவித்தொகை 750 ரூபாய் உண்டு. இலவச பஸ் பாஸ், மிதிவண்டி, சீருடை, காலணி, பாடநூல் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. இவை பெரிய தாங்கல்தான். குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால் இவை போதாது என்பதும் உண்மை.

மாணவிகளின் வராமைக்கு வேறொரு காரணம் உண்டு, அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பணிமனைக் கட்டடத்தில் தாழ்ப்பாள் சரியாகப் போடக்கூடிய, தண்ணீர் வரும் கழிப்பறை இல்லையென்றால் மாதத்தில் இரண்டு மூன்று நாள் அவர்கள் வரமாட்டார்கள். பதிவேட்டில் அந்த நாள்கள் ஒரே இடைவெளியில் விழுவதைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

பஸ் பற்றியும் ஒரு சொல். ஒரே ஊரிலிருந்து வரும் ஆறு பேரும் ஒரே நாளில் பிந்தினால் ஆறு பேரையும் குறை சொல்ல முடியாது. அந்தத் தடத்தில் வந்த டவுன் பஸ் எங்கள் வாசலை அடையும்போதே மணி 8.40. மாணவர்களையே மனு எழுதச் சொல்லி, முதல்வரின் கையெழுத்தோடு டெப்போவுக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து அந்த வண்டி கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பத் தொடங்கியது. ஆறு பேரும் நேரத்துக்கு வந்தார்கள். அந்த மனுவை எழுதியதே அந்த ஆண்டு நான் நடத்திய நல்ல பாடங்களில் ஒன்று.

சங்கு யாருக்காக ஊதியது

கோவையிலும் மதுரையிலும் இராஜபாளையத்திலும் முந்தைய தலைமுறை கடிகாரம் பார்க்கவில்லை, மில் சங்கைக் கேட்டது. சங்கு ஊதினால் அடுப்பில் உலை ஏறும், அடுத்த சங்குக்கு ஆள் தெருவில் இருப்பார். அந்தச் சங்கு முதலாளியின் நேரத்தைத்தான் அறிவித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. வருகையைப் பற்றி மாணவர்களிடம் பேசும்போது இதன் மறுபாதியை நாம் சொல்வதே இல்லை.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப் பேசப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில், பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களிடையே பிறந்தது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியில் பி.பி. வாடியா தலைவரானார். அவர்கள் முன்வைத்த முதல் குறைகளில் ஒன்று, மதிய உணவுக்கு விடும் நேரம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போதவில்லை என்பது. அதாவது நிமிடக் கணக்கு. தன் நேரத்தின் ஒவ்வொரு நிமிடமும் எங்கே போகிறது என்று தெரிந்த தொழிலாளியால்தான் நிமிடத்தைக் கேட்டு வாங்க முடிந்தது.

பின்னால் வந்த சட்டங்கள் எல்லாம் இந்தக் கணக்கின் மேல் கட்டியவைதான். 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், ஆள் வராத நேரத்துக்கு எவ்வளவு ஊதியம் பிடிக்கலாம் என்று வரையறுத்தது: வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. 10 நிமிடம் பிந்தியவரிடம் அரை நாள் சம்பளத்தை வெட்ட அது இடம் தரவில்லை. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி தொடர்கிறது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி என்று எல்லை போட்டது. அதற்கு மேல் உழைத்தால் இரட்டைச் சம்பளம் என்றது. ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு, 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் வீதம். (2020-இன் புதிய தொகுப்பு இந்த 240-ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது.) வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கும்போதும் பணிக்கொடை கேட்கும்போதும் தொடர்பணிக்கு அளவுகோலாக நின்றது 240 நாள்தான். தொழிலாளர் நீதிமன்றத்தில் எத்தனையோ வழக்குகள் இந்த ஒரு கேள்வியில் வந்து முட்டி நின்றிருக்கின்றன: 240 நாள் வேலை செய்ததற்கு என்ன ஆதாரம்?

வருகைப் பதிவு தொழிலாளியின் சொத்து. பத்திரத்தைப் போலப் பாதுகாக்க வேண்டிய சொத்து. மாணவனுக்கு இதை முதல் மாதத்திலேயே சொல்ல வேண்டும். தன் வருகையைத் தானே ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளப் பழகியவன், நாளை ஒப்பந்தக்காரர் 26 நாளை 24 என்று எழுதும்போது கேட்பான்.

மில்களில் பதிலி என்று ஒரு வகைத் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் வாசலில் நிற்பார்கள். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராவிட்டால் அந்த இடம் அன்றைக்கு அவர்களுக்கு. வராதவரின் தறியோ கதிரோ சும்மா நிற்கக் கூடாது என்பதற்காக உண்டான ஏற்பாடு அது. ஒருவரின் இல்லாமையில் இன்னொருவரின் அன்றைய சோறு இருந்தது. ஆலையில் "நான் ஒருவன் வராவிட்டால் என்ன" என்ற கேள்விக்கு இடமே இல்லை என்பதைப் பதிலி என்ற ஒரு சொல் காட்டிவிடும்.

வாகன ஆலைகள் உள்ள இன்றைய ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் அதே விஷயம் வேறு வடிவத்தில் இருக்கிறது. மணிக்கு 60 வண்டி இறங்கும் வரிசை என்றால் ஒவ்வொரு இடத்திலும் நிற்பவருக்கு ஒரு வண்டிக்கு ஒரு நிமிடம். ஓர் இடம் காலியானால் முழு வரிசையும் நிற்கும், அல்லது பக்கத்தில் இருப்பவர் இரண்டு பேர் வேலையைச் செய்வார். ஷிப்ட் மாறும் நேரம்தான் மிகவும் கூர்மையானது. பாய்லர் பார்ப்பவர், உலை பார்ப்பவர், ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தைப் பார்ப்பவர் எல்லாம் அடுத்த ஆள் வந்து பொறுப்பை ஏற்காமல் நகர முடியாது. மாற்ற வேண்டியவர் அரை மணி நேரம் பிந்தினால், எட்டு மணி நேரம் நின்று களைத்த ஒருவர் இன்னும் அரை மணி நேரம் நிற்கிறார். அவருடைய கம்பெனி பஸ் போய்விடுகிறது. பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டிய அவருடைய குழந்தை வாசலில் நிற்கிறது. நேரந்தவறாமையை நிர்வாகத்துக்குக் காட்டும் பணிவாக நான் ஏன் பார்ப்பதில்லை என்றால், அதை முதலில் உணர்வது பக்கத்தில் நிற்கும் தொழிலாளிதான்.

அபராதம், பூட்டு, கைரேகை

எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்விக்கு வழக்கமாக மூன்று விடைகள் வரும். மூன்றையும் பார்த்திருக்கிறேன்.

முதலாவது அபராதம். பிந்தினால் பத்து ரூபாய். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களில் இதைச் சோதித்துப் பார்த்து, யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். மாலையில் குழந்தையை அழைத்துப்போகப் பிந்தும் பெற்றோருக்குச் சிறு அபராதம் போட்டதும் தாமதம் குறையவில்லை. ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. அதுவரை ஆசிரியை காத்திருக்கிறாரே என்ற உறுத்தலில் ஓடி வந்தவர்கள், இப்போது காசு கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக வந்தார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய உறுத்தல் திரும்பவில்லை. எங்கள் வகுப்பிலும் இதே நடந்தது. பத்து ரூபாயை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போன மாணவனின் முகத்தில் வருத்தம் இல்லை. கடன் தீர்ந்த முகம்.

இரண்டாவது வாசலைப் பூட்டுவது. 20 நிமிடம் பிந்தியவன் 6 மணி நேரத்தையும் இழக்கிறான். பூட்டிய வாசலுக்கு வெளியே அவன் எங்கே போவான் என்று யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது எந்திரம். கைரேகை, முகப்பதிவு. இதைப் பற்றி ராஜஸ்தானின் உதய்பூரில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து செய்த இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 2019-இல் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்ளோ இரண்டிலும் பங்கேற்றவர். ஒன்றில், ஓராசிரியர் பள்ளிகளின் ஆசிரியர்களிடம் தேதியும் நேரமும் பதியும் கேமரா கொடுத்து, வந்த நாள்களின் அடிப்படையில் சம்பளம் என்றார்கள். 42 விழுக்காடாக இருந்த ஆசிரியர் வராமை பாதியாகக் குறைந்தது. குழந்தைகள் கற்பதும் கூடியது. மற்றொன்றில், கிராமச் செவிலியர்களுக்கு நேரம் பதியும் எந்திரம் வைத்தார்கள். தொடக்கத்தில் வருகை உயர்ந்தது. பிறகு சுகாதார நிர்வாகமே "விலக்கு நாள்" என்று தாராளமாக அனுமதி கொடுக்க ஆரம்பித்தது. ஒன்றரை ஆண்டில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. எந்திரம் இரண்டு இடத்திலும் சரியாகத்தான் வேலை செய்தது. பின்னால் இருந்தவர்களின் உறுதிதான் வேறுபட்டது.

உதய்பூர் பள்ளிகளின் முடிவை நான் வேறொரு காரணத்துக்காகவும் நினைத்துக்கொள்வதுண்டு. அங்கே அளந்தது மாணவர்களின் வருகையை அல்ல, ஆசிரியர்களின் வருகையை. எட்டரைக்கு வந்த 20 பேர் பயிற்றுநர் வரும்வரை ஒன்பது மணிவரை மரத்தடியில் நின்றால், அன்று அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் எது? பயிற்றுநர் பணியிடம் காலி. பக்கத்துப் பிரிவோடு சேர்ந்து உட்காருங்கள். அறுக்க இரும்புப் பட்டை வரவில்லை. தொழிற்பாடத்தை மறுபடி படியுங்கள். லேத் பழுது, மெக்கானிக் வரவேண்டும். இப்படி நாலு நாள் வந்து வந்து திரும்பியவன் ஐந்தாம் நாள் முகூர்த்தத்துக்குப் பரிமாறப் போவதை நான் குற்றமாகக் கருதமாட்டேன். அவன் தன் நேரத்தைச் சரியாகத்தான் மதிப்பிட்டிருக்கிறான். வந்தால் வீணாகாது என்ற உறுதியை நிலையம் தந்த பிறகே வரச் சொல்லும் தகுதி அதற்கு வருகிறது.

சக் சாவி நாளுக்குப் பிறகு நான் செய்து பார்த்தவை எளியவை. நாளின் மிகச் சுவையான விஷயத்தை முதல் பத்து நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். கருவி அறைச் சாவியை வாரம் இருவராக மாணவர்களிடமே கொடுத்தேன். அவர்கள் வந்து திறக்காவிட்டால் மற்ற 18 பேர் கையில் அரம் இல்லாமல் நிற்பார்கள். அதுவரை பிந்தி வந்த பையன்தான் சாவி கையில் இருந்த வாரத்தில் எட்டு மணிக்கே வாசலில் உட்கார்ந்திருந்தான்.

இன்னொன்று, வர முடியாததைச் சொல்லும் பழக்கம். நம் மாணவர்களுக்கு வராமல் இருக்கத் தெரியும், வரவில்லை என்று சொல்லத் தெரியாது, பயம். அதை ஒரு திறனாகவே வகுப்பில் பயிற்சி செய்தோம். எட்டு மணிக்குள் ஒரு போன். "சார், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இன்று வர முடியாது. நாளை வந்துவிடுவேன். பாதி அறுத்த ஜாப் என் டிராயரில் இருக்கிறது." நான்கு வாக்கியம். காரணம், எப்போது திரும்புவது, வேலை எந்த நிலையில் நிற்கிறது. முதல் சில நாள் போனில் குரல் நடுங்கியது. அப்படிச் சொன்னவரை ஒருபோதும் கடியக் கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். தொழிற்சாலை மேலாளர்கள் என்னிடம் சொன்ன குறையும் இதுதான்: விடுப்பு எடுப்பதில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை, சொல்லாமல் போவதில்தான்.

ஜெர்மனியில் தொழில் பழகுநர்கள் ஒவ்வொருவரும் ஒரு பயிற்சிக் குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். அந்த வாரம் என்ன வேலை செய்தார், என்ன கற்றார் என்று எழுதிப் பயிற்றுநரின் கையெழுத்து வாங்க வேண்டும். 1969-இல் வந்த அவர்களின் தொழிற்பயிற்சிச் சட்டப்படி, அந்தக் குறிப்பேடு இல்லாமல் இறுதித் தேர்வுக்கு அனுமதி கிடையாது. வந்தாயா என்ற கேள்வியை, வந்து என்ன செய்தாய் என்று அது மாற்றிவிடுகிறது. எங்களிடமும் பயிற்சி நாட்குறிப்பு உண்டு. ஆய்வுக்கு ஆள் வரும்போது ஒரே மூச்சில் நிரப்பப்படுவது. அதற்கு உயிர் கொடுக்க ஒரு வழியைக் கடைசி ஆண்டுகளில் கண்டேன். காலை ஷிப்டில் ஒரு மாணவனும் மதிய ஷிப்டில் இன்னொருவனும் ஒரே ஜாப்பை மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நேரம் பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிட்டால் குறிப்பேட்டை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டும்.

அப்படி ஒரு ஜோடியின் குறிப்பேட்டில் ஒரு பக்கம் இன்னும் நினைவில் இருக்கிறது. காலைக்காரன் எழுதியிருந்தான்: "இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் 0.3 மி.மீ. ராவ வேண்டும். இரண்டாம் எண் வெர்னியரின் தாடை லேசாக ஆடுகிறது, அதில் அளக்காதே. டிரில்லிங் மெஷினைத் துடைத்துவிட்டேன். சக் சாவி கொக்கியில் மாட்டியிருக்கிறது." அதன் கீழே மதியக்காரனின் கோணல் எழுத்து: "1.20-க்கு எடுத்துக்கொண்டேன். சாவி இருக்கிறது, பார்த்துவிட்டேன்."